பாண்டிங் என்னும் பருத்த மனிதர்

விடுதி நண்பர்கள் என்னைக் 'குண்டு' என்றழைப்பது புதிதன்று. சென்ற கோடை விடுமுறையில் இளைத்தே தீருவதென்று சூளுரைத்து, நாள்தோறும் விடியலில் மைதானத்தை எட்டு முறை சுற்றி ஓடினேன். ஓடிய பசியில் நான்கு இட்லி கூடுதலாகவும் உண்டேன். மாத முடிவில் எடைக் கருவியின் முள் ஒரு கோடுகூட இறங்கவில்லை. அந்த வெட்கத்தோடு நூல்களைப் புரட்டியபோதுதான் வில்லியம் பாண்டிங் எனக்கு அறிமுகமானார்.

1796இல் பிறந்த பாண்டிங், லண்டன் மாநகரில் ஈமச்சடங்கு ஏற்பாடு செய்யும் தொழிலை நடத்தியவர். 1852இல் வெல்லிங்டன் கோமகனின் இறுதி ஊர்வல ஏற்பாடுகளைக் கவனித்தது அவர்கள் குடும்ப நிறுவனமே. பெருமக்களை வழியனுப்பி வைத்த அவர், தம் காலணிக் கயிற்றைக் குனிந்து கட்ட இயலாமல் தவித்தார். மூட்டுவலிக்கு அஞ்சிப் படிக்கட்டில் பின்புறமாக இறங்கினார். உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். எடையோ 202 பவுண்டு, ஏறத்தாழ 92 கிலோ! பிறர் ஏளனத்துக்கு அஞ்சிப் பொது இடங்களையே தவிர்த்தார் என்று படித்தபோது என் நெஞ்சு கனத்தது.

அவர் செய்யாத முயற்சியில்லை. அதிகாலையில் இரண்டு மணி நேரம் துடுப்பு வலித்தார். தசை வலுத்தது, கூடவே பசியும் பெருகியது. துருக்கிய நீராவிக் குளியல் ஐம்பது எடுத்தும் குறைந்தது ஆறே பவுண்டு.

1862இல் காது மந்தமாகவே, வில்லியம் ஹார்வி என்னும் காது மருத்துவரை நாடினார். (இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த ஹார்வி அல்லர், அவர் இரு நூற்றாண்டு மூத்தவர்.) கல்லீரலும் சர்க்கரையும் பற்றிப் பாரீசில் கிளாட் பெர்னார்ட் ஆற்றிய சொற்பொழிவைக் கேட்டிருந்த ஹார்வி, ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்கச் சொன்னார். இறைச்சியும் மீனும் காய்களும் உண்ணலாம். திராட்சை மதுவுக்கும் தடையில்லை! இந்த இறுதிச் சலுகையை இன்றைய மருத்துவர் ஒப்பமாட்டார்.

ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் 46 பவுண்டு குறைந்தது. ஒரு பவுண்டு கொழுப்புக்குச் சுமார் 3,500 கலோரி என்று வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். நாளொன்றுக்கு ஏறத்தாழ 420 கலோரிதான் பற்றாக்குறை. நம் கணக்கில் ஏழெட்டு இட்லி! உணவைக் கலோரியால் அளக்கும் வழக்கம் பரவாத காலத்தில், எடைக் கருவியை மட்டுமே நம்பி அவர் இதைச் சாதித்தார். ஓட்டம் இதயத்துக்கும் தசைக்கும் நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஓடிச் செலவிட்டதை நான் உணவுக்கூடத்தில் வட்டியோடு வரவு வைத்துக்கொண்டேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

1863இல் தம் அனுபவத்தைச் சிறு நூலாக எழுதி, சொந்தச் செலவில் ஆயிரம் பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார் பாண்டிங். மருத்துவர் அல்லாதவர் மருத்துவம் பேசுவதா என்று மருத்துவ உலகம் சீறியது. மக்களோ அவர் பெயரையே வினைச்சொல்லாக்கினர். சுவீடன் நாட்டு மொழியில் உடல் இளைக்க உணவைக் குறைப்பதற்கு இன்றும் 'பாண்டா' என்பதே சொல். 1878இல், தமது 81ஆம் வயதில் அவர் மறைந்தார்.

விடுதித் தேநீரில் நான் சர்க்கரையை நிறுத்தி மூன்று வாரமாகிறது. ஓட்டமும் தொடர்கிறது, இட்லியை மட்டும் எண்ணி உண்கிறேன்.