தண்ணீர் வேண்டாம் என்று நினைத்த டீசல்

கச்சிராயபாளையத்தைத் தாண்டிக் கல்வராயன் மலை மேல் வெள்ளிமலைக்கு ஏறும் சாலை. பாரம் ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஒரு லாரி முக்கி முனகி ஏறுகிறது. டிரைவரின் ஒரு கண் பாதையில். மறு கண், ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள்ளில்.

அந்த என்ஜினுக்குப் பெயர் தந்தவர் ருடால்ப் டீசல். அவர் முதலில் செய்த என்ஜினில் தண்ணீருக்கு இடமே இல்லை!

ஐஸ் கம்பெனியில் வேலை

டீசல் 1858-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி பாரீஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர்கள். 1870-ல் போர் மூண்டதும் குடும்பம் லண்டனுக்குப் போயிற்று. பன்னிரண்டு வயதுச் சிறுவன், ஜெர்மனியில் அவுக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டான்.

பிறகு மியூனிக்கில் லிண்டே என்ற பேராசிரியரிடம் படித்து, 1880-ல் தேறினார். ஐஸ் யந்திரத்தில் பெயர் பெற்ற அந்தப் பேராசிரியரின் கம்பெனியிலேயே டீசலுக்கு வேலையும் கிடைத்தது.

நீராவி என்ஜின் தின்னும் நிலக்கரியில் பெரும்பகுதி வீணாவது அவர் மனதை உறுத்திற்று. காற்றை மிகவும் அழுத்தினால் அது சூடேறும்; அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். இதுதான் அவர் கண்ட வழி. எண்ணெய் எரியும்போது சூடு மேலும் ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம், ஆகவே குளிர வைக்கத் தண்ணீர் தேவை இல்லை என்றும் கணக்குப் போட்டார்.

காகிதத்தில் கணக்கு சரி. நெருப்பு கேட்கவில்லை.

உயிர் தப்பினார்

1893 ஆகஸ்டு 10-ந் தேதி நடந்த சோதனையில், என்ஜினில் பொருத்திய அளவுக்கருவி வெடித்துச் சிதறியது. டீசல் மயிரிழையில் உயிர் தப்பினார். அடுத்துச் செய்த என்ஜினில் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடியது. 1897 பிப்ரவரி 17-ந் தேதி நடந்த பரீட்சையில், எரிந்த எண்ணெயின் சூட்டில் 26 சதவீதம் வேலையாக மாறியது. அந்நாளில் அது பெரிய அதிசயம்!

மீதிச் சூடு எங்கே போகும்? ஒரு பங்கு புகையோடு போகும். ஒரு பங்கைத் தண்ணீர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். மலையில் டிரெய்லரை இழுக்கும்போது எண்ணெய் அதிகம் எரிகிறது. வண்டியோ மெதுவாகப் போகிறது. ரேடியேட்டரில் எதிர்காற்று குறைகிறது. முள் ஏறாமல் என்ன செய்யும்?

பெரும்பாலான டீசல் வண்டிகளில் 80 முதல் 95 டிகிரி வரை பயமில்லை. 100-ஐத் தாண்டி 105-ஐ நெருங்கினால் ஓரங்கட்ட வேண்டியதுதான். (கம்பெனி தந்த புத்தகத்தில் உள்ள அளவே அந்தந்த வண்டிக்குச் சட்டம்.) முன்கூட்டியே கியரைக் குறைத்தால் விசிறியும் தண்ணீர் பம்பும் வேகமாகச் சுற்றும். நிறுத்திய பின், தண்ணீர் குறையாதிருந்தால், என்ஜினைச் சிறிது நேரம் மெதுவாக ஓடவிடலாம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறப்பவர் முகத்தை வேகவைத்துக்கொள்வார். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் காத்திருக்கிறது.

கப்பலில் மறைந்தார்

டீசலுக்குப் பணம் குவிந்தது. வந்த வேகத்தில் கரைந்தது. கடன் சூழ்ந்தது. 1913 செப்டம்பர் 29-ந் தேதி இரவு, பெல்ஜியத்திலிருந்து இங்கிலாந்துக்குப் போன ‘டிரெஸ்டன்’ கப்பலில் சாப்பிட்டுவிட்டுத் தம் அறைக்குச் சென்றார். காலையில் அறையில் ஆள் இல்லை. சில நாட்களுக்குப் பின் கடலில் மிதந்த சடலத்தில் கிடைத்த பொருள்களைப் பார்த்து, தந்தையுடையவை என்று மகன் அடையாளம் சொன்னார்.

தற்கொலையா, விபத்தா? இன்றுவரை தீரவில்லை. டீசல் என்ஜின் பூட்டிய லாரிகள் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தபோது அவர் இறந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.