சிடி ஸ்கேன் தந்த ஹவுன்ஸ்ஃபீல்ட்: நெஞ்சில் அடிபட்டால் ஏன் இவர் பெயர் வருகிறது?

கார் விபத்தில் ஸ்டியரிங் உங்கள் நெஞ்சில் பலமாக மோதிவிட்டது. வெளியே காயமே இல்லை. அப்படியே வீட்டுக்குப் போயிடலாமா?

வேண்டாம். உள்ளே ரத்தம் கசியலாம், நுரையீரலைச் சுற்றிக் காற்று சேரலாம், பெருந்தமனி கிழிந்திருக்கலாம். சாதாரண எக்ஸ்-ரேயில் சில நேரம் இவை தெரியாது. சிடி ஸ்கேன் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தக் கருவியை உருவாக்கியவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். 1919இல் இங்கிலாந்தின் நியூவார்க்கில் பிறந்த விவசாயி மகன். பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. போர்க்காலத்தில் விமானப்படையில் ரேடார் கற்றார். 1951இல் ஈஎம்ஐ நிறுவனத்தில் சேர்ந்தார்.

பல கோணங்களில் எக்ஸ்-ரே பாய்ச்சி, கணினியால் கணக்கிட்டால் உடலின் குறுக்குவெட்டுப் படம் கிடைக்கும் என்பதே அவர் யோசனை. 1971 அக்டோபர் 1ஆம் தேதி, லண்டனில் முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. பிறகு முழு உடலுக்கும் கருவி வந்தது. 1979இல் ஆலன் கோர்மாக்குடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 2004இல் மறைந்தார்.

இன்றும் ஸ்கேனின் அளவுகோல் அவர் பெயரில்தான் இருக்கு: தண்ணீர் 0, காற்று -1000, ரத்தம் தண்ணீரைவிடக் கூடுதல். நெஞ்சுக்குள் தேங்கியிருப்பது நீரா, ரத்தமா என்று மருத்துவர் கணிக்க அந்த எண் உதவுகிறது.