ஐயரவர்களின் அடக்கம்

நிறைகுடம் தளும்பாது என்பர் பெரியோர். அம்முதுமொழிக்குச் சான்றாக வாழ்ந்தவர், தமிழ்த் தாத்தா என்று நாடு போற்றும் டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஆவார்.

உத்தமதானபுரத்தைச் சேர்ந்த இவர் 1855 ஆம் ஆண்டில் பிறந்தார். 1871 இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்து, 1876 இல் அப்பெரியார் மறையுங்காறும் அவரிடம் பாடங்கேட்டார். நூற்பொருளை உணர்ந்ததோடு செய்யுள் இயற்றும் ஆற்றலும் கைவரப்பெற்றார்.

1880 இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டில் அந்நகருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டு, தாம் கற்ற நூல்களை வரிசையாக எடுத்துரைத்தார். முதலியாரோ, சீவக சிந்தாமணியைக் கற்றதுண்டா என வினவினார். ஐயர் கற்றதில்லை என்பதை மறையாது ஒப்புக்கொண்டார். பின்பு அந்நூலை ஆராயத் தொடங்கினார். சமண சமயக் கருத்துகள் விளங்காதபோது, தாம் கல்லூரி ஆசிரியர் என்று எண்ணாது, அவ்வூர்ச் சைனர்களை நாடிச் சென்று மாணவர்போல் கேட்டறிந்தார். 1887 இல் சிந்தாமணி அவரால் அச்சேறியது.

அடுத்துப் பத்துப்பாட்டை ஆராய்ந்தார். அதனுள் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டில், மலர்களின் பெயர்கள் அடுக்கிவரும் பகுதியில் சில பெயர்கள் ஏட்டில் இல்லாதிருந்தன. ஓசைக்கு ஏற்ற இரண்டொரு பெயர்களைத் தாமே அமைத்து அவ்விடத்தை நிரப்புதல் ஐயருக்கு அரிய செயலன்று. நிரப்பியிருப்பின் அதனை அறிவார் யார்? ஆயினும், கபிலர் பாடிய பாட்டில் தம் சொல்லைச் சேர்க்க அவர் உள்ளம் ஒருப்படவில்லை. வேறு ஏடுகளைத் தேடி அலைந்தார். தருமபுர ஆதீனத்து ஏட்டில் அம்மலர்ப்பெயர்கள் கிடைத்தன. அவர் அடைந்த மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. 1889 இல் பத்துப்பாட்டு வெளிவந்தது. 1894 இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, எங்குத் தேடியும் கிடைக்காத பகுதிகளைப் புள்ளியிட்டுக் காட்டினாரேயன்றித் தம் புலமையால் நிரப்பினாரல்லர்.

1906 இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932 இல் டாக்டர் பட்டமும் அவரை வந்தடைந்தன. அதன் பின்னரும் அவர் முதலில் எழுதி முடித்தது தம் ஆசிரியரின் வரலாற்றையே. அது 1933, 1934 ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்தது. தம் வரலாறு 1940 இல்தான் வெளிவரத் தொடங்கியது. அது முற்றுப்பெறுமுன் 1942 இல் அவர் மறைந்தார்.

ஆற்றலுடையார்க்கு அதனைக் காட்டுதல் எளிது. காட்டலாகாத இடத்தில் அடங்கி நிற்றல் அரிது. ஐயர் அவ்வாறு அடங்கி நின்றமையால், சங்கப் புலவர்களின் சொற்கள் அவர்களுடைய சொற்களாகவே நம்மை வந்தடைந்துள்ளன.