தீப்பொறி வேண்டாத இயந்திரம்

துறைமுகத்திலிருந்து கொள்கலன்களை ஏற்றிச் செல்லும் கனவுந்துகளைப் பெரும்பாலும் டீசல் இயந்திரங்களே இயக்குகின்றன. அந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் ருடோல்ஃப் டீசல் என்பதை அதன் பெயரே சொல்லிவிடும். ஆனால், 1897ஆம் ஆண்டு அவர் இயக்கிக் காட்டிய இயந்திரம் ஓர் ஆளைவிட உயரமானது. தொழிற்சாலைத் தரையில் நிலையாகப் பொருத்தப்பட்டது. பிற்காலத்தில் அத்தகைய இயந்திரம் கனவுந்துக்குள் அடங்கியதற்கு முக்கியக் காரணம், அதன் பக்கவாட்டில் பொருத்தப்படும் ஒரு சிறிய பம்பு. அந்தப் பம்பைத் தரமாகவும் பெருமளவிலும் தயாரித்து உலகெங்கும் பரவச் செய்தவர் ராபர்ட் போஷ். அவர் அதுவரை செல்வம் ஈட்டியதோ, டீசல் இயந்திரத்துக்குச் சற்றும் தேவைப்படாத ஒரு பொருளைத் தயாரித்துத்தான். அப்படியிருந்தும் அவர் ஏன் அந்தப் பம்பைத் தயாரிக்க முன்வந்தார்?

ராபர்ட் போஷ் 1861ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள், தெற்கு ஜெர்மனியில் உல்ம் நகருக்கு அருகிலுள்ள ஆல்பெக் என்னும் சிற்றூரில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளுள் பதினோராவது பிள்ளை அவர். அவருடைய பெற்றோர் விவசாயம் செய்ததோடு, வழிப்போக்கர்கள் தங்கும் விடுதி ஒன்றையும் நடத்தினர். தந்தை நூல்களை விரும்பிப் படிப்பவர். பிள்ளைகளின் கல்வியில் அக்கறை கொண்டவர்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் போஷ் உல்ம் நகரில் நுண்கருவிகள் செய்யும் தொழிலில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தார். அங்கு அவருக்கு வாய்த்த முதலாளி, பயிற்சி பெறுவோரைச் சரியாகக் கவனிக்கவில்லை. முறையான பயிற்சி கிடைக்காத அந்த ஆண்டுகளை போஷ் மறக்கவில்லை. பிற்காலத்தில் தம் தொழிற்சாலையில் இளையோரைப் பயிற்றுவிக்க அவர் தனிப் பிரிவையே அமைத்தார்.

பயிற்சிக்குப் பிறகு அவர் பல ஊர்களில் வேலை செய்தார். ஸ்டுட்கார்ட் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் சிறிது காலம் மின்னியல் பாடங்களைக் கேட்டார். 1884ஆம் ஆண்டு கப்பலேறி அமெரிக்கா சென்று, தாமஸ் எடிசனின் நிறுவனத்தில் பணியாற்றினார். பின்னர் இங்கிலாந்திலும் வேலை பார்த்தார். இவ்வாறு கைத்திறனையும் உலக அனுபவத்தையும் சேர்த்துக்கொண்டு தாயகம் திரும்பினார்.

1886ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள், ஸ்டுட்கார்ட்டில் தமது சொந்தப் பட்டறையைத் திறந்தார். அப்போது அவருக்கு வயது 25. ஒரு தொழிலாளியும் ஓர் எடுபிடிப் பையனும் மட்டுமே உடன் இருந்தனர். தொலைபேசி இணைப்பு அமைப்பது, மின்மணி பொருத்துவது, பழுதான கருவிகளைச் சீர்செய்வது என்று கிடைத்த வேலைகளை எல்லாம் அவர்கள் செய்தனர். தொடக்க ஆண்டுகளில் வருமானம் நிலையாக இல்லை. வேலை குறைந்தபோது ஆட்களைக் குறைக்க வேண்டிய நிலையும் வந்தது. எனினும், அரைகுறையான பொருளை விற்றுப் பணம் பார்க்க அவர் விரும்பவில்லை. பணம் போனாலும் வாடிக்கையாளரின் நம்பிக்கை போகக்கூடாது என்பது அவர் இறுதிவரை கடைப்பிடித்த கொள்கையாகும்.

அந்தச் சிறிய பட்டறையைப் பெரிய நிறுவனமாக வளர்த்தது தீப்பொறி. அக்காலத்தில் எரிவாயுவாலும் பெட்ரோலாலும் இயங்கும் இயந்திரங்கள் பரவத் தொடங்கியிருந்தன. அவற்றின் உருளைக்குள் எரிபொருளும் காற்றும் கலந்திருக்கும். அந்தக் கலவை சரியான நொடியில் தீப்பற்றினால்தான் இயந்திரம் ஓடும். அதற்குத் தேவையான தீப்பொறியை உண்டாக்கும் மேக்னெட்டோ என்னும் கருவியை 1887ஆம் ஆண்டு போஷ் செய்துகொடுத்தார். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, வேகமாகச் சுழலும் வாகன இயந்திரம் ஒன்றுக்கு ஏற்றவாறு அதை மாற்றியமைத்தார். 1902ஆம் ஆண்டு, அவருடைய பொறியாளர் காட்லோப் ஹோனோல்டு உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதனுடன் இயங்கும் தீப்பொறிச் செருகியையும் உருவாக்கினார். பட்டறைகளில் ஸ்பார்க் பிளக் என்று அழைக்கப்படும் பொருள்தான் தீப்பொறிச் செருகி. அதன் பிறகு போஷ் நிறுவனத்தின் கருவிகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓடிய வாகனங்களில் இடம்பிடித்தன.

செல்வம் சேர்ந்தபோது அவர் தம் தொழிலாளர்களையும் நினைத்துப் பார்த்தார். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் வேலை செய்வது ஜெர்மனியில் வழக்கமாக இருந்த காலத்தில், 1906ஆம் ஆண்டு தம் தொழிற்சாலையில் எட்டு மணி நேர வேலை முறையைக் கொண்டுவந்தார். களைத்துப்போன கைகளால் நுட்பமான வேலையைச் செய்ய முடியாது என்பதை அவர் தம் அனுபவத்தால் உணர்ந்திருந்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் நிறுவனத்துக்குக் கிடைத்த ஆதாயத்தைத் தமக்கென வைத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. பல மில்லியன் மார்க் தொகையைப் பொதுப்பணிகளுக்கு வழங்கினார்.

போர் முடிந்தபோது நிலைமை மாறியிருந்தது. வெளிநாட்டுச் சந்தைகள் பலவற்றை நிறுவனம் இழந்திருந்தது. 1921ஆம் ஆண்டு, நீண்ட நாள் நோயுற்றிருந்த அவருடைய மகன் உயிரிழந்தார். துயரமும் தொழில் கவலையும் ஒருசேர அழுத்திய அந்தக் காலத்தில்தான் டீசல் இயந்திரத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய தேவை எழுந்தது.

டீசல் இயந்திரம் பெட்ரோல் இயந்திரத்தைப் போன்றது அன்று. அதன் உருளைக்குள் முதலில் காற்று மட்டுமே செல்லும். பிஸ்டன் அந்தக் காற்றைப் பலமாக அழுத்தும். அழுத்தப்பட்ட காற்று மிகவும் சூடாகும். அந்த நொடியில் எரிபொருளை நுண்துளிகளாகத் தெளித்தால், அது தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். எனவே, அதற்குத் தீப்பொறி தேவையில்லை, மேக்னெட்டோவும் தேவையில்லை. கனவுந்துகள் டீசலுக்கு மாறினால், அந்த வாகனங்களில் போஷின் புகழ்பெற்ற கருவிக்கு இடமே இராது.

ஆனால், டீசல் இயந்திரம் கனவுந்துக்கு வருவதற்கு ஒரு தடை இருந்தது. ருடோல்ஃப் டீசல் தம் இயந்திரத்தில் எரிபொருளை உருளைக்குள் செலுத்த, அழுத்தப்பட்ட காற்றைப் பயன்படுத்தினார். அதற்குத் தனியாக ஒரு காற்றழுத்தக் கருவி வேண்டியிருந்தது. அது கனமானது, இடத்தை அடைப்பது. கப்பலிலும் மின்நிலையத்திலும் அதை வைக்கலாம். கனவுந்தில் வைப்பது கடினம். காற்றின் துணையின்றி எரிபொருளை நேரடியாக அழுத்திச் செலுத்தும் பம்பு கிடைத்தால் இச்சிக்கல் தீரும். பென்ஸ், எம்.ஏ.என். ஆகிய நிறுவனங்கள் 1923, 1924ஆம் ஆண்டுகளில் அத்தகைய டீசல் கனவுந்துகளை உருவாக்கிக் காட்டின. எனினும், நம்பகமான பம்பைப் பெருமளவில் தயாரிப்பது எளிதாக இல்லை.

1922ஆம் ஆண்டின் இறுதியில், அந்தப் பம்பை உருவாக்கும் பணியைத் தொடங்க போஷ் முடிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 61. தீப்பொறிக் கருவியை மட்டும் நம்பியிருந்தால், காலம் மாறும்போது நிறுவனமும் அதை நம்பி வாழும் ஆயிரக்கணக்கான குடும்பங்களும் பாதிக்கப்படக்கூடும். புதிய இயந்திரம் வரக்கூடாது என்று விரும்புவதைவிட, அந்த இயந்திரத்துக்கு வேண்டிய பொருளைத் தாமே நன்றாகச் செய்துகொடுப்பது மேல் என்னும் வழியை அவர் தேர்ந்தெடுத்தார்.

அது எவ்வளவு கடினமான வேலை என்பதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நான்கு வீச்சு டீசல் இயந்திரம் நிமிடத்துக்கு 1,000 முறை சுழல்வதாக வைத்துக்கொள்வோம். அதன் ஒவ்வோர் உருளைக்கும் நிமிடத்துக்கு 500 முறை எரிபொருளைச் செலுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் செல்லும் அளவு ஏறத்தாழ ஒரு நீர்த்துளிதான். அந்தத் துளியும் எல்லா உருளைகளுக்கும் சமமாகச் செல்ல வேண்டும். உரிய நொடியில் செல்ல வேண்டும். கார்ச் சக்கரத்திலுள்ள காற்றழுத்தத்தைப் போல முப்பது மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் செல்ல வேண்டும்.

போஷ் நிறுவனத்தின் பம்பில் ஒவ்வோர் உருளைக்கும் ஓர் அழுத்துதண்டு இருக்கும். அது ஒரு குழலுக்குள் மேலும் கீழும் நகர்ந்து எரிபொருளை அழுத்தும். அழுத்துதண்டின் பக்கத்தில் சாய்வான பள்ளம் ஒன்று வெட்டப்பட்டிருக்கும். ஓட்டுநர் மிதிகட்டையை அழுத்தும்போது அழுத்துதண்டு சற்றுத் திரும்பும். அது எவ்வளவு திரும்புகிறதோ அதற்கேற்ப எரிபொருளின் அளவு கூடும் அல்லது குறையும். அழுத்துதண்டுக்கும் குழலுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே. தலைமுடியின் தடிமனைவிடப் பன்மடங்கு குறைவு. இடைவெளி சற்றுக் கூடினாலும் எரிபொருள் கசிந்துவிடும், அழுத்தம் குறைந்துவிடும். அதனால் ஒவ்வோர் அழுத்துதண்டும் அதற்குரிய குழலோடு சேர்த்தே தேய்த்துப் பொருத்தப்பட்டது. ஓர் இணையின் தண்டை வேறோர் இணையின் குழலில் போடக்கூடாது.

போஷின் பொறியாளர்கள் பல வடிவங்களைச் செய்து சோதித்தனர். அவற்றுள் பல கைவிடப்பட்டன. இதற்கிடையே, 1925, 1926ஆம் ஆண்டுகளில் ஜெர்மானிய வாகனத் தொழில் நெருக்கடியில் சிக்கியது. போஷ் நிறுவனமும் ஆட்குறைப்பு செய்ய நேர்ந்தது. அத்தகைய நேரத்தில், இன்னும் ஒரு காசுகூட ஈட்டாத ஆராய்ச்சியை நிறுத்துவது எளிதான வழியாக இருந்திருக்கும். ஆனால், பணி தொடர்ந்தது. 1927ஆம் ஆண்டு பம்பு தொடர் உற்பத்திக்கு வந்தது. கனவுந்து தயாரிப்பாளர்கள் அதை வாங்கித் தங்கள் இயந்திரங்களில் பொருத்தத் தொடங்கினர். 1936ஆம் ஆண்டு வெளிவந்த மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி என்னும் டீசல் காரிலும் போஷ் பம்பே இடம்பெற்றது.

இதனால் ஒரு புதிய வழக்கம் வேரூன்றியது. இயந்திரத்தை ஒரு நிறுவனம் செய்யும்; அதன் பம்பை அதில் தேர்ந்த மற்றொரு நிறுவனம் செய்யும். பம்பு தேய்ந்துபோனால் இயந்திரத்தையே தூக்கி எறிய வேண்டியதில்லை; பம்பை மட்டும் கழற்றிச் சீர்செய்யலாம் அல்லது மாற்றலாம். பழைய கனவுந்துகளைப் பேணும் பட்டறைகளில் இன்றும் இவ்வேலை நடைபெறுகிறது. சில வேளைகளில் பழைய பம்புக்குப் பதிலாக வேறு வகைப் பம்பையும் பொருத்துவர். அப்போது திருகுத் துளைகள் ஒத்திருந்தால் மட்டும் போதாது. பம்பு சுழலும் திசை, உருளைகளுக்கு எரிபொருள் செல்லும் வரிசை, செலுத்தும் நேரம், அளவு, வேகக் கட்டுப்பாடு ஆகிய அனைத்தும் அந்த இயந்திரத்துக்குப் பொருந்த வேண்டும். எரிபொருள் சற்று முன்னதாகச் சென்றால் இயந்திரம் பலமாகத் தட்டி ஒலிக்கும்; தாமதமாகச் சென்றால் வலு குறையும்; அளவுக்கு மீறிச் சென்றால் கரும்புகை கக்கும். ஆகவே, தேர்ந்த தொழிலாளி புதிய பம்பைச் சோதனை மேடையில் இயக்கி அளந்த பின்னரே வண்டியில் பொருத்துவார்.

போஷின் இறுதி ஆண்டுகள் அமைதியாகக் கழியவில்லை. 1933ஆம் ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அந்த ஆட்சியை வெறுத்த போஷ், துன்புறுத்தப்பட்ட யூதர்களுக்கும் ஹிட்லரை எதிர்த்தோருக்கும் மறைவாக உதவினார். ஆனால், அவருடைய நிறுவனம் போர்த் தளவாட உற்பத்தியிலிருந்து விலகி நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது கட்டாயத் தொழிலாளர்களும் அதன் தொழிற்சாலைகளில் வேலை வாங்கப்பட்டனர். அவருடைய வரலாற்றைப் படிப்போர் இவ்விரண்டையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

1940ஆம் ஆண்டு அவர் நிறுவிய மருத்துவமனை ஸ்டுட்கார்ட்டில் திறக்கப்பட்டது. 1942ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், தம் 80ஆம் வயதில் ராபர்ட் போஷ் காலமானார். இன்று அந்நிறுவனத்தின் பங்குகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை அவர் பெயரிலுள்ள அறக்கட்டளைக்குச் சொந்தமாக உள்ளன. அவற்றிலிருந்து அறக்கட்டளைக்குக் கிடைக்கும் வருமானம் கல்வி, மருத்துவம் முதலிய பணிகளுக்குச் செலவிடப்படுகிறது.

டீசல் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் போஷ் அல்லர். பம்பின் நுட்பமான வடிவமைப்பும் பல பொறியாளர்களின் கூட்டு உழைப்பால் உருவானதே. ஆயினும், தமக்குப் புகழும் பொருளும் தந்த தீப்பொறியை விட்டு, தீப்பொறியே வேண்டாத இயந்திரத்துக்காக உழைக்கும் முடிவை எடுத்தவர் அவரே. நன்கு தெரிந்த ஒரு தொழிலில் வெற்றி பெற்றவர்களுக்கு அத்தகைய முடிவை எடுப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம்.