பிடி நிலைத்தாலன்றிக் குறி நிலையாது

கருவி ஒன்று நல்லதென்று பெயரெடுத்துவிட்டால், அதைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டுவதில்லை என்று எண்ணுவது மனித சுபாவம். அவ்வெண்ணம் எவ்வளவு அபாயகரமானது என்பதை ஹெஸ்கெத் பிரிச்சர்டு என்னும் ஆங்கிலேயரின் சரித்திரம் தெளிவாகக் காட்டுகிறது. நம்மை ஆண்ட ஏகாதிபத்தியத்துக்கு ஊழியம் செய்தவரேயாயினும், அவரிடம் நாம் கற்கத் தக்க பாடம் ஒன்று உண்டு.

அவர் 1876-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் ஜான்ஸியில் பிறந்தார். ராணி லக்ஷ்மிபாய் வீர சுவர்க்கம் எய்தி அப்போது 18 வருஷங்களே ஆகியிருந்தன. பட்டாள உத்தியோகஸ்தரான தந்தை, மகன் பிறக்குமுன்பே ஜுரத்தால் மாண்டார். பிரிச்சர்டு தாயாரின் ஆதரவில் வளர்ந்து, கதாசிரியராகவும் கிரிக்கெட் வீரராகவும் புகழடைந்தார். 1900-ல் பெடகோனியாவுக்கும், பின்னர் நியூபவுண்ட்லாந்து, லாப்ரடார் முதலிய குளிர்ப் பிரதேசங்களுக்கும் சென்று வேட்டையாடினார். எனினும் அவர் இரக்கமற்றவரல்லர். பிரிட்டிஷ் கடற்கரைகளில் சாம்பல் நிற ஸீல்களைக் காக்க 1914-ல் சட்டம் பிறந்ததற்கு அவரது கிளர்ச்சியும் ஒரு காரணமாகும்.

அவ்வருஷமே ஐரோப்பிய மகாயுத்தம் மூண்டது. ஜெர்மானியர் தம் நாட்டு வேட்டைத் துப்பாக்கிகளைத் தூரதிருஷ்டிக் கண்ணாடிகளோடு போர்முனைக்குக் கொணர்ந்தனர். வேட்டைக்காரர் விரும்பும் கண்ணாடி, நினைத்தபோது கழற்றி மாட்டக்கூடியது. துப்பாக்கியின்மேல் முன்னும் பின்னும் பதித்த இரு பீடங்களில், கண்ணாடியின் கால்கள் கொக்கிபோல் கவ்விக்கொள்ளும். மழையில் கண்ணாடி மங்கினாலும், மிருகம் அருகே பாய்ந்தாலும், அதைக் கழற்றிவிட்டு இரும்புக் குறியைக் கொண்டே சுடலாம்.

ஆனால் வசதி வேறு, உறுதி வேறு. இரு பீடங்களுக்கும் இடையே 5 அங்குலம் இருப்பதாகக் கொள்வோம். ஒரு காகிதத்தின் கனமளவு ஒரு கால் விலகி அமர்ந்தாலும், 200 கஜ தூரத்தில் குண்டு ஏறக்குறைய 6 அங்குலம் தவறிவிடும். தளர்ந்த திருகாணியும், பள்ளத்தில் தங்கிய மண்ணும் இதற்குப் போதும். சுடுபவனோ கண்ணாடியில் குறி சரியாகத் தெரிவதால், தான் தவறவில்லை என்றே நம்புவான்.

1915-ல் பத்திரிகை நிருபர்களை அழைத்துச் செல்லும் அதிகாரியாகப் பிரான்ஸ் சென்ற பிரிச்சர்டு கண்டது இதுவே. பட்டாளங்களுக்குக் கண்ணாடித் துப்பாக்கிகளை வழங்கியதோடு தம் கடமை தீர்ந்ததென்று மேலதிகாரிகள் இருந்தனர். பிடியைச் சோதிக்கச் சிப்பாய்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. பல துப்பாக்கிகள் குறி பிசகியிருந்தன. கண்ணாடியை இடப்புறம் ஒதுக்கிப் பொருத்தியிருந்த அமைப்போ, குறுகிய துவாரத்தின் வழியே சுடுவோருக்குப் பெருந்தடையாயிற்று. நம்பிய கருவி மோசம் செய்ததை அறியாமலே பலர் அகழிகளில் மடிந்தனர்.

பிரிச்சர்டு பட்டாளம் பட்டாளமாகச் சென்று துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்துச் சீர் செய்தார். 1916-ல் லிங்கெம் கிராமத்தில் இதற்கெனப் பள்ளியே நிறுவினார். யுத்தம் அவருக்கு விருதுகளை அளித்தது. உடல் நலத்தையோ பறித்துக்கொண்டது. 1922-ல், 45-ம் வயதில், இரத்தம் விஷமாகி அவர் காலமானார்.

யுத்தத்தை நாம் போற்றவில்லை. ஆனால் வேட்டைத் துப்பாக்கிக்குரிய விதி பொதுப்பணிக்கும் உரியதே. மேலிடம் தந்ததென்றோ, விலை உயர்ந்ததென்றோ எதையும் நம்பிவிடலாகாது. ஒவ்வொரு முறை மாட்டியபின்பும் சுட்டுப் பார்த்தே பிடியை நம்ப வேண்டும். சோதனைக்கு நிற்கும் நம்பிக்கையே நம்பிக்கை, ஏனையது சோம்பலேயாகும்.