வை.மு.கோ. அம்மாள்

பத்மினி நடித்த 'சித்தி' படத்தை நம் குடியிருப்பின் மூத்தவர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். 1966-ல் வந்தது. அதன் மூலக்கதை வை.மு. கோதைநாயகி அம்மாளுடையது. 115 நாவல்கள் எழுதியவர். இன்று பெயர் சொன்னால் யார் என்று கேட்கிறார்கள்.

1901-ல் பிறந்தவருக்கு ஐந்தரை வயதில் திருவல்லிக்கேணி பார்த்தசாரதியுடன் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதே இல்லை. ஆனால் அக்கம்பக்கத்துக் குழந்தைகளைச் சேர்த்துவைத்துக் கதை சொல்வதில் கெட்டிக்காரர். கணவர் நாடகங்களுக்கு அழைத்துப் போவார். பார்த்துப் பார்த்து, 'இந்திர மோகனா' என்று தாமே ஒரு நாடகம் புனைந்தார். எழுதத்தான் கை பழகவில்லை. இவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். 1924-ல் அது அச்சேறியது. (கவுன்ட்டரில் நான் இருந்த காலத்தில், கைநாட்டு வைக்கும் அம்மாக்களைக் கணக்கில் ஒரு பைசா ஏமாற்ற முடியாது!) பிறகு பட்டம்மாளிடமே எழுதக் கற்றுக்கொண்டார்.

அடுத்த வருடமே 'ஜகன்மோகினி' பத்திரிகையை விலைக்கு வாங்கி, 'வைதேகி' நாவலைத் தொடராக வெளியிட்டார். வீட்டுப் பெண் கதை எழுதுவதா, அதைப் பத்திரிகையில் வேறு போடுவதா என்று ஊரே ஏசியது. இதழைத் தெருவில் கிழித்து எரித்தார்கள். ஏசியவர்களில் பெண்களும் உண்டு. கணவர் மட்டும் கடைசிவரை பக்கத்தில் நின்றார்.

கதை நன்றாக இருந்தால் மட்டும் போதாது, போடுவதற்கு ஒரு ஆசிரியர் மனம் வைக்க வேண்டும். அந்த நாற்காலியையே இவர் வாங்கிவிட்டார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவர் தயவை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால், 115 நாவலில் எத்தனை வெளிவந்திருக்கும்?

1925-ல் காந்தியைச் சந்தித்தபின் பட்டையும் நகையையும் விட்டுக் கதர் உடுத்தினார். கள்ளுக்கடை மறியலில் சிறை சென்றார். அங்கேயும் நாவல் எழுதினார். வெளியே கணவர் பத்திரிகையைக் கவனித்துக்கொண்டார்.

வாசகர்கள் விரும்பிப் படித்தார்கள். இலக்கியம் பேசியவர்களோ குடும்பக் கதை என்று ஒதுக்கினார்கள். மாமியார் கொடுமை, வரதட்சணை, விதவையின் நிலை எல்லாம் ஆண் எழுதினால் சமூகப் பிரச்சினை, பெண் எழுதினால் அடுப்பங்கரைச் சமாச்சாரமா? இந்த நியாயம் எனக்குப் பிடிபடவில்லை.

1956-ல் ஒரே மகனைப் பறிகொடுத்தபின் மனமொடிந்து போனார். காசநோயும் சேர்ந்துகொள்ள, 1960 பிப்ரவரியில் தாம்பரம் மருத்துவமனையில் காலமானார். 'சித்தி' படத்தை அவர் பார்க்கவில்லை.