நத்தார்க் கீர்த்தனையும் வேதநாயக சாஸ்திரியாரும்

குறவஞ்சி என்றவுடன் தமிழாசிரியர் எவர்க்கும் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலமே கண்முன் நிற்கும். அதே வடிவில், பெத்லகேமிற் பிறந்த பெருமானைப் பாட்டுடைத் தலைவராக வைத்து 1800ஆம் ஆண்டளவில் ஒரு குறவஞ்சி எழுந்தது. மாவடிப்பள்ளியில் என்னிடம் தமிழ் பயில்வோர் முஸ்லிம் பிள்ளைகள். சீதக்காதி நொண்டி நாடகத்தை அறிந்த அவர்களுக்கு, தமிழ் மரபுக்குள்ளே ஒரு சமயம் தனக்கென இல்லம் அமைத்துக்கொள்வது புதிய செய்தியன்று. எனினும் நத்தார்ப் பாட்டென்றால் மேனாட்டுப் பாட்டே என்று அவர்கள் எண்ணியிருந்தனர். மாரி மழைக்கிடையே கல்முனைப் பக்கம் போனால், பல்லவியும் சரணமுமாக அமைந்த கீர்த்தனையும் காதில் விழும். அம்மரபுக்கு வேரூன்றியவர்களுள் தலையாயவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்.

அவர் 1774ஆம் ஆண்டு திருநெல்வேலியிற் பிறந்தார். தந்தையார் தேவசகாயம், அருணாசலம் என்பது அவரது முந்தைய பெயர். பாலப் பருவத்திலேயே பையனின் கூர்மையைக் கண்ட சுவார்ட்ஸ் ஐயர் அவனைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். அவ்வையரின் அரவணைப்பில் இன்னொரு பிள்ளையும் இருந்தது. அதுவே பின்னாளில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி. தரங்கம்பாடியிலும் கல்வி பயின்ற வேதநாயகம், இளம் வயதிலேயே தஞ்சை மிஷன் கல்விச்சாலையின் தலைமையாசிரியரானார்.

அக்காலத்துத் தேவாலயங்களில் என்ன பாடினார்கள் என்பதை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு முதலியோர் காலந்தொட்டு, ஜெர்மானியப் பாடல்களைத் தமிழாக்கி, ஜெர்மானிய மெட்டிலேயே பாடிவந்தனர். சொல் தமிழ், நடை வேறு. வாய்க்கு வந்தாலும் கால் தாளம் போடாது. சாஸ்திரியார் இராகமும் தாளமும் அமைந்த கீர்த்தனைகளைக் கொண்டுவந்தார். அம்மட்டோ? கும்மி கொட்டுவோர்க்கு ஞானக் கும்மி, ஏற்றம் இறைப்போர்க்கு ஞான ஏற்றப்பாட்டு. வயலோரத்தில் வாழும் எனக்கு இந்த ஏற்றப்பாட்டின் மேல் தனிப் பற்று உண்டு.

பெத்லகேம் குறவஞ்சியில் தலைவி தேவமோகினி. குறி சொல்லும் குறத்தி விசுவாசம். ஞானசிங்கன் பறவை பிடிப்பது ஆன்மாக்களைப் பிடிப்பதாகின்றது. ஞாயிற்றை நடுவே நிறுத்திக் கோள்கள் சுழலும் கொப்பர்னிக்கஸ் கொள்கையையும் கவிஞர் அதிற் புகுத்தியிருக்கின்றார்! பள்ளிக்கூடத்து வானநூலைக் குறவஞ்சிக்குள் கொண்டுவந்த துணிவை என்னென்பது! இத்தகைய நூலை ஒருவர் தனியே இருந்து படித்தாற் போதாது. பாடுவார், பின்பாட்டுக்காரர், தாளம் போடுவார் என ஒரு குழு வேண்டும். சாஸ்திரியாரின் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக அவர் பாடல்களைக் கதாகாலட்சேபமாக நடத்தி வந்தனர்.

1820களில் வந்த புதிய மிஷனரிமார்க்கு இவை பொருந்தவில்லை. பழைய விவிலிய மொழிபெயர்ப்பை மாற்ற முனைந்தனர்; ஆலயத்தில் தமிழிசையை விலக்கினர்; விழாக்களில் மாலையும் மலரும் கூடாதென்றனர்; சாதி வேற்றுமையின்றி எல்லோரும் கலந்தமர வேண்டுமென்றனர். இந்நான்கையும் கொடுமைகளென்றே சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார். முதல் மூன்றில் என் மனம் அவர் பக்கமே நிற்கின்றது. நான்காவதில் நியாயம் மிஷனரிமாருடையது. சாதி வரிசையைக் காக்க அவர் காட்டிய பிடிவாதத்தை அவர் புலமைக்காக மறைத்தல் தகாது. 1829ஆம் ஆண்டளவில் அவர் பதவி போயிற்று. தஞ்சை அரசவை அவரைப் புலவராக ஏற்று ஆதரித்தது. சரபோசி 1832இல் மறைந்த பின் அந்த ஆதரவும் குன்றியது.

பதவி போனாலும் பாட்டுப் போகவில்லை. வீட்டுக் கூடங்களிலும் திருவிழாக்களிலும் மக்கள் பாடிக்கொண்டேயிருந்தனர். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்பார் அவற்றின் அருமை உணர்ந்து, 1853இல் ஆலய வழிபாட்டுக்கென ஒரு கீர்த்தனைத் தொகுப்பை வெளியிட்டார். முதுமையடைந்திருந்த கவிஞர், விலக்கப்பட்ட இசை வழிபாட்டுக்குள் மீண்டும் நுழைவதைக் கண்ணாரக் கண்டார். 1864இல் அவர் காலமானார்.

கீர்த்தனை மரபு கடல் கடந்து ஈழத்துக்கும் வந்தது. மார்கழி வந்தால் நம் பாடசாலைகளிலும் ஒளிவிழாவுக்கு ஒத்திகை தொடங்கிவிடும். அதற்கு முன் கூடும் பாடகர் குழுவைக் கவனியுங்கள். எவர் எச்சாதி என்று பார்த்து வரிசை அமைப்பதில்லை. குரலைப் பார்த்தே அமைக்கின்றனர். ஆர்மோனியக்காரர் சுருதியை இறக்கச் சொல்வார். இளைஞன் ஒருவன் கிற்றாரோடு வருவான். இடையிலே ஆங்கிலப் பாட்டொன்றைச் சேர்க்க வேண்டுமென்று சிலர் வாதாடுவர். மூதாட்டி ஒருத்தி, பழைய மெட்டு இதுவன்று என்று தானே பாடிக் காட்டுவாள். பாதி ஏற்கப்படும், பாதி விடப்படும்.